செம்பில் நின்ற கோடு

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து யசோதாவால் உரக்கக் கூப்பிட முடியவில்லை. அவள் கட்டிலருகே வைக்க ஓர் அழைப்பு மணி செய்ய உட்கார்ந்தான் கணவன் இன்பசேகர். ஒளியில் மாறும் பூச்சு பூசிய செம்புத் தகட்டின் மேல் சர்க்யூட் வரைந்த பிலிமை வைத்தான்; நிழல் விழுந்த இடத்தில் மட்டும் செம்பு கரையாமல் நிற்கும். அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியால் மூடி, புற ஊதா விளக்கைப் போட்டதும் சமையலறையே நீலத்தில் மிதந்தது.

"கடலுக்குள்ள இருக்க மாதிரி இருக்குங்க."

பிறகு தகட்டை அலசி, செம்பை அரிக்கும் பழுப்புக் கரைசலில் மெல்ல ஆட்டினான். வேண்டாத செம்பு கரையக் கரைய, கோடுகள் உறக்கத்திலிருந்து எழுவதுபோல் மேலே வந்தன. நடுவில், அவன் வரையாத மெல்லிய வளைகோடு ஒன்று. யசோதா தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிலிமின் மேல் உதிர்ந்த ஒற்றை முடியின் நிழலைத் தகடு அப்படியே வாங்கியிருந்தது.

"ரெண்டு லைனையும் சேத்துடுச்சு. சுரண்டினாத்தான் மணி அடிக்கும்" என்று பிளேடை எடுத்தான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாங்க. கொட்டினதுல இது ஒண்ணுதான் நின்னிருக்கு."

பிளேடை வைத்துவிட்டு அவன் புதிய தகட்டை எடுத்தான். தள்ளி உட்காரச் சொல்ல வாய் வரவில்லை. அவள் இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.