படத்துக்குப் பின்னால் ஒரு மேயர்

தவமணி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாடிப்படியில் கணவர் கனகசபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே, மகனின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படையல், அவனுக்குப் பிடித்த நண்டுக்கறியோடு. செத்தவர் வந்து சாப்பிட்டு முடியும்வரை உயிரோடிருப்பவர்கள் அந்த அறையில் நிற்கக்கூடாது. யாழ்ப்பாணத்து முறை டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலும் முறைதான்.

ஊரிலே விட்டுவந்த மூத்தவன் சுஜிந்தன். போர் முடிந்த வருடத்தோடு அவன் சேதி நின்றுபோனது. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. இத்தனை காலம் தவமணி அவன் படத்தில் ஒரு பூவைக்கூட வைக்க விட்டதில்லை.

போன கிழமை அவளே மனம் மாறினாள்.

"கனவிலை வந்து சோறு கேக்கிறானப்பா. இனியும் படைக்காமல் விட்டா பிள்ளை பசியோடை திரிவான்."

கனகசபைக்கு அதில் மனமில்லை. அவர் மனதில் மகன் உயிரோடுதான் இருந்தான். ஆனால் தவமணி ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான். படத்துக்குப் புதுப் பிறேம் வாங்கிவர அனுப்பினாள்.

அவர் பழைய சாமான் கடையில் வாங்கினார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிறேமுக்குள் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நெஞ்சுவரை தாடி, வயிற்றுக்குக் குறுக்கே கடிகாரச் சங்கிலி.

கடையில் நின்ற டேனிஷ்காரி அந்தத் தாடிக்காரர் கதையைச் சொன்னாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா போன பையன். வருடக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. தாய் அழுது தீர்த்து, துக்கத்துக்குக் கறுப்பும் உடுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இந்தப் படம் தபாலில் வந்தது. பையன் அங்கே மரம் அரியும் ஆலை வைத்து, மா அரைக்கும் ஆலை வைத்து, ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரத்துக்கு மேயராகவும் ஆகியிருந்தான்.

செத்துப்போனான் என்று தாய் அழுத பிள்ளை, மேயர். கடைக்குள் நின்றபடியே கனகசபைக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மேயரை வெளியே எடுக்க மனம் வரவில்லை. அவர் முகத்துக்கு மேலேயே மகனின் படத்தை வைத்துப் பின்பக்கத்தை மூடினார். தவமணியிடம் மூச்சுவிடவில்லை.

இப்போது படியில் இருந்துகொண்டு மேயரைத்தான் மனதுக்குள் மன்றாடினார். ஐயா, நீங்கள் பெரிய மனிதர், நீங்களே வந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நண்டுக்கறி உறைப்பென்றால் செம்பில் தண்ணீர் இருக்கிறது. என் பிள்ளைக்கு இந்தச் சோறு வேண்டாம்.

உள்ளே, செம்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

தவமணி அவர் கையைப் பிடித்தாள். சற்றுப் பொறுத்து எழுந்துபோய், முறைப்படி கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

ஜன்னல் பூட்டியபடியே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கனகசபை நிம்மதியாக மூச்சுவிட்டார். மேயர் வந்துவிட்டார். மேயரென்றாலும் வயிறு வயிறுதானே.

தவமணி இலைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

இலையின் ஒரு கரையில் சோறு அள்ளப்பட்டிருந்தது. அதற்கு நேரெதிர்க் கரையிலும் அள்ளப்பட்டிருந்தது. மிஞ்சிய சோற்றில் இரண்டு கைகளின் விரல் தடம். ஒன்று தடித்த கை. மற்றது மிகவும் மெலிந்த கை.

மெலிந்த கையின் பக்கத்தில் நண்டுக் கோதுகள் நன்றாகச் சூப்பிக் குவிக்கப்பட்டிருந்தன.

கனகசபை சுவரைப் பிடித்துக்கொண்டார். தவமணி அழவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஆறுதல் தெரிந்தது.

"பிள்ளை தனிய வரேல்லையப்பா, ஆரையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். தெரிஞ்சிருந்தா இன்னொரு இலை போட்டிருப்பன்."