ஆமை வளவு

“ஐயோ, ஆமை!”

மாப்பிள்ளையின் தாய் முற்றத்திலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஓர் எட்டுக்கூட முன்னால் வைக்கவில்லை.

“ஆமை உலாவுற வளவிலை நாங்கள் சம்பந்தம் செய்யிறேல்லை. குறை நினையாதேங்கோ.”

அவர்களை ஏற்றி வந்த வான் வந்த வழியே உடுவிலுக்குத் திரும்பியது. பலகாரத் தட்டோடு வாசலுக்கு வந்த தர்சிகா, தட்டோடு குசினிக்குள் திரும்பிப் போனாள்.

சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவள் உதயகலா. தர்சிகாவின் மாமி, அவளின் தகப்பன் அருளம்பலத்தின் ஒரே தங்கச்சி. இதற்கென்றே சுவிஸிலிருந்து லீவு எடுத்துச் சண்டிலிப்பாய்க்கு வந்தவள். கோபம் வராமல் என்ன செய்யும்?

“அண்ணை! ஒரே ஒரு நாளைக்கு உதுகளை எங்கையாவது மறைச்சு வையுங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனானோ இல்லையோ?”

அருளம்பலம் மண் நிரப்பிய பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் குந்தியிருந்து, செவ்வரத்தம்பூவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தேசிக்காய் அளவில் நாலைந்து நட்சத்திர ஆமைக்குஞ்சுகள் கழுத்தை நீட்டித் தின்றன.

அந்த வளவில் ஆமைக்குத்தான் ராசமரியாதை. பெட்டை ஆமை குழி பறித்து முட்டையிட்டால், கீரியும் காகமும் அண்டாமல் அந்த இடத்துக்குக் கம்பிவலை. குஞ்சு பொரித்தால் பேசின். எல்லாம் வனசீவராசித் திணைக்களக்காரரிடம் அனுமதி எடுத்துத்தான். ஓடு இறுகினதும் அவர்களே வந்து கொண்டுபோய்ப் பற்றைக்காட்டில் விடுவார்கள்.

“பிள்ளைக்கு என்ன குறை? படிச்சவள். பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாள். வன்னியிலை சண்டைக்குள்ளை செல் பட்ட தழும்பு ஒண்டு கன்னத்திலை கிடக்குது, அதை இந்தக் காலத்திலை ஆர் பாக்கினம்? போன சம்பந்தமும் உந்த ஆமையாலைதான் குழம்பினது. ஊரே சொல்லுது. நீங்கள் பிள்ளையைக் கட்டிக் குடுக்கப் போறியளோ, ஆமைக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போறியளோ?”

அண்ணர் மெல்லச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு! உதயகலாவுக்குப் பழசெல்லாம் வந்துவிட்டது. இதே வளவு. புகையிலைப் பாத்திக்குத் தண்ணி மாறப் போன அண்ணை, உடுத்த சாரத்துக்குள் ஓர் ஆமையைச் சுற்றிக்கொண்டு வந்தது. மாட்டுக்கொட்டிலில் அதைப் பனையோலைக் கடகத்தால் மூடி வைத்து, இரண்டு பேரும் பூசணிப்பூ தீத்தியது. அம்மா கண்டதும் போட்ட கூக்குரல்! வீடு முழுக்க மஞ்சள் தண்ணி. அன்றைக்கு அண்ணை சோறு தின்னவில்லை, தங்கச்சியும் தின்னவில்லை. இப்போது அம்மாவும் இல்லை, அண்ணியும் இல்லை, கொட்டிலும் இல்லை. சுவிஸின் பனிக்குள் இருந்து இதையெல்லாம் நினைத்து எத்தனை தரம் அழுதிருப்பாள்.

குரல் தானாக இறங்கியது.

“சின்ன வயசு ஆசை எனக்கு விளங்குது, அண்ணை. அதுக்காகப் பிள்ளையின்ரை வாழ்க்கையிலையோ விளையாடுறது? விடுங்கோ, நான் கொண்டுபோய் வனசீவராசிக்காரரிட்டையே குடுத்திட்டு வாறன்.”

பேசினைத் தூக்கினாள். அருளம்பலம் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“கலா, அந்த மனிசி முதல் எதைப் பாத்தவ?”

“ஆமையைத்தான்.”

“இல்லை. தர்சிகாவின்ரை முகத்தை. பிறகுதான் கீழை குனிஞ்சவ. ஆமை நல்ல சாட்டாப் போச்சு.”

உதயகலா யோசித்துப் பார்த்தாள். ஓம். பிள்ளை வாசலுக்கு வந்ததும்தான் அந்த மனிசியின் சிரிப்பு நின்றது.

“முதல்முதல் பாக்க வந்த ஆக்கள் தழும்பைப் பற்றி முகத்துக்கு நேரையே சொல்லிப்போட்டுப் போனவை. அண்டையிலிருந்து பிள்ளை கண்ணாடி பாக்கேல்லை, கோயிலுக்குப் போகேல்லை. ரண்டாவது ஆக்கள் வரேக்கை எங்கையோ இருந்து ஒரு ஆமை வந்து முற்றத்திலை நிண்டுது. அவை அதைச் சாட்டிப்போட்டு எழும்பினவை. அண்டு பின்னேரம் பிள்ளை சிரிச்சுக்கொண்டு வந்து, ‘ஆமையைக் கண்டுதானே அப்பா ஓடினவை’ எண்டாள். சோறும் கேட்டுச் சாப்பிட்டாள். அதுக்குப் பிறகுதான் நான் அந்த ஆமைக்குச் சோடி தேடினனான்.”

“நல்ல இடம் ஒண்டு வந்து, உண்மையாவே ஆமைக்குப் பயந்து போனால்?”

“மனம் இருக்கிறவன் ஆமைக்குப் பயந்தோ போகப்போறான்? போறவைக்கு ஒரு சாட்டு வேணும். அது ஆமையா இருக்கட்டும். ஆமை இல்லாட்டி என்ரை பிள்ளை தன்னையெல்லோ பிழை சொல்லுவாள்.”

குசினிக்குள் தர்சிகா மூக்கை உறிஞ்சுவது மெல்லக் கேட்டது.

உதயகலா பேசினை நிழலில் பக்குவமாக இறக்கி வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கமும் குசினிக்குள்ளும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

“நாசமறுந்த ஆமை! நீ மட்டும் இஞ்சை நிக்காட்டி, என்ரை மருமகளை அவை இண்டைக்கே கையோடை கூட்டிக்கொண்டு போயிருப்பினம்!”