மூடாத குழி

நிறைமாத மனைவி நனையாதிருக்கக் கூரைக்குக் கீற்று மாற்ற வேண்டுமென்று வேலு ஒரு நாள் லீவு கேட்டான். அடையாறு எருக்கிடங்கின் மேஸ்திரி குலாம் முகம்மது எல்லோர் முன்னிலையிலும் மறுத்துவிட்டார்.

வேலுவுக்கு வயிறு எரிந்தது. வண்டிகள் குழியில் கொட்டும் மலத்தை உடனே குப்பையும் மண்ணும் போட்டு மூடினால்தான் நாறாமல் எருவாகும். மூடுவது வேலுவின் வேலை; அன்று அவன் மூடவில்லை.

"கடல்காத்து கெளம்பட்டும். பக்கத்துல கீற மேஸ்திரி வூட்ல சோறு எறங்குதான்னு பாக்கறேன்."

மாலையில் வேடிக்கை பார்க்கப் போனான். மேஸ்திரி வீட்டு வாசலில் வாந்தியெடுத்துக் களைத்து உட்கார்ந்திருந்தவள், அவன் மனைவி தேவானை.

"நீ இன்னா இங்க?"

"குடிசை ஒழுகுதுன்னு மேஸ்திரிதான் காலையில வண்டி வெச்சு இட்டாந்தாரு. புள்ள பொறக்கற வரிக்கும் இங்கியே இருக்கணுமாம்."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எவனோ குழிய மூடாம வுட்டுக்கீறான்யா. அவன் வெளங்குவானா?"