பச்சைக் கோடு

“என் தம்பி உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா போயிட்டானா?”

மாலதி கேட்டபோது ராபர்ட் கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் செம்மண்டலத்து வீட்டுக்கு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அவளுடைய தம்பி ஆரோக்கியராஜ், சிதம்பரத்தில் பஸ் ஏறிவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருந்தான்.

“என்னா திடீர்னு?”

“திடீர்னு இல்ல. ரெண்டு வருஷமா பாத்துகிட்டுதான் இருக்கேன்.”

மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவில் பாலமாக இருந்தது ஒரு கம்ப்யூட்டர் கேம். மாலதி அதற்கு வைத்த பெயர் ‘ஒளியற கேம்’. கோட்டைக்குள் யார் கண்ணிலும் படாமல் புகுந்து, வந்த வேலையை முடித்துவிட்டு வெளியேற வேண்டும். ஒரே ஒரு காவல்காரன் பார்த்துவிட்டாலும் ஆட்டம் க்ளோஸ்.

முதல் பாகத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தேதான் ஆடினார்கள். நாலாவது பாகம் வந்ததும் ராபர்ட்டுக்கு என்ன ஆனதோ, ஒரே நாள் ஆடிவிட்டு அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அதன்பிறகு மச்சான் வந்தால் பழைய முதல் பாகம்தான்.

“கேட்டா, அவனுக்குப் பழசு போதும்ங்குறீங்க. ஸ்பீக்கர் வயரக் கூட புடுங்கிப் போட்டுடுறீங்க. அதக்கூட விடுங்க. அவன்கிட்ட பேசுறப்ப மூஞ்சிக்கு நேரா போய் நின்னு, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுறீங்களே, அத என்னால தாங்க முடியல. பட்டறைல போய்க் கேளுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சத்தத்த வச்சே எங்க கோளாறுன்னு சொல்றவன் என் தம்பி.”

“தெரியும்.”

“இப்ப என் போனையும் எடுக்க மாட்டேங்குறான். எத்தினி தடவ அடிச்சாலும் மெசேஜ்தான் வருது. உங்க மேல இருக்குற கோவத்த என் மேல காட்டுறான். இன்னிக்கும் அந்தப் பழசப் போட்டீங்கன்னா, அவன்கூடவே நானும் சிதம்பரம் பஸ் ஏறிடுவேன்.”

சொன்னால் செய்கிறவள்தான் மாலதி. ராபர்ட் பையிலிருந்து பிரிக்காத ஒரு டிவிடியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“இன்னிக்குப் புதுசுதான். அஞ்சாவது. லாரன்ஸ் ரோட்டுக் கடைல மூணு மாசமா சொல்லி வச்சிருந்தேன்.”

“இத மட்டும் எதுக்குக் காட்டுறீங்க அவனுக்கு?”

“கம்பெனிக்காரனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு. முதல் பார்ட் மாதிரியே திரும்பவும் பண்ணிருக்கான்.”

அதில் என்ன பெருமை என்று அவளுக்குப் புரியவில்லை.

பதினோரு மணிக்கு ஆரோக்கியராஜ் வந்தான். குழம்பைக் கிளறிக்கொண்டே சமையலறையிலிருந்து மாலதி கேட்டாள்.

“ஏண்டா தம்பி, போன எடுத்தா என்னா?”

பதில் இல்லை. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். கூடப் பிறந்தவன் பேசாமல் போவதை எப்படித் தாங்குவது?

கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது. தேவைக்கு மேலேயே சத்தமாக.

“மாமா, அந்தப் பச்சைக் கோடு திரும்ப வந்துடுச்சு மாமா.”

மாலதி டீயோடு போனாள். வழக்கம்போல ஸ்பீக்கர் வயர் பிடுங்கிக் கிடந்தது. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு. காவல்காரன் நெருங்கும்போது ஏறியது, விலகும்போது இறங்கியது. அது ஏறும்போதெல்லாம் தம்பி சரியாகப் பதுங்கினான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்த சந்தோஷத்தில் கை தவறியது. எவர்சில்வர் டம்ளர் அவன் நாற்காலிக்குப் பின்னால் விழுந்து உருண்டது. ராபர்ட் தூக்கிவாரிப்போட்டு எழுந்தான்.

ஆரோக்கியராஜ் திரும்பவில்லை. கண்கள் பச்சைக் கோட்டிலேயே இருந்தன.

ராபர்ட் டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தான்.

“எப்பலேருந்து?” என்றாள் மாலதி.

“நாலாவது பார்ட் வந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுல அந்தப் பச்சைக் கோட்டக் கம்பெனிக்காரன் தூக்கிட்டான். காவக்காரன் பூட்ஸ் சத்தத்தக் கேட்டுத்தான் ஒளியணும். அன்னிக்குப் பதினோரு தடவ மாட்டுனான் மச்சான். அவன் மூஞ்சிய என்னால பாக்க முடியல. அவனுக்கு இல்லாத சத்தம் எனக்கும் வேணாம்னுதான் ஸ்பீக்கர் வயரப் புடுங்குறேன்.”

“பட்டறைல?”

“ஒரு நாள் போய்ப் பாத்தேன். இன்ஜின் மேல கைய வச்சு, அதிர்றத வச்சு சமாளிக்கிறான். மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். அந்த பயத்துல நம்மகிட்டயும் மறைக்கிறான்.”

“எங்கிட்டயாவது நீங்க சொல்லியிருக்கலாமே.”

“நீ அழுதுடுவ. அவன் கண்டுபுடிச்சிடுவான். நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா இங்க வர்றதையும் நிறுத்திடுவான் மாலதி. அவனா வாயத் தொறந்து சொல்லட்டும். பாண்டில காது டாக்டர விசாரிச்சு வச்சிருக்கேன்.”

மாலதி முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். முகத்தைக் கழுவினாள். குழம்பை இறக்கி வைத்தாள்.

பிறகு கூடத்துக்குப் போய், தம்பியின் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“தம்பி. சாப்புட. வா.”