சிவப்புப் பட்டைகள்

கட்டுமான இடத்து டிரெய்லர் அலுவலகத்துக்குள் ஹீட்டர் இரைகிறது. ஜன்னல் கண்ணாடியில் எட்மன்டன் குளிர் வெள்ளையாய் அப்பியிருக்கிறது. நான் இந்த அட்டவணை மென்பொருளைக் கற்றுக்கொள்வது சைட் மேலாளர் கார்லுக்கு வேடிக்கை. கான்கிரீட் போடும் வேலையையும் அதைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும் வேலையையும் இப்போதுதான் திரையில் அம்புக்குறியால் இணைத்தேன். கான்கிரீட் இறுக வேண்டிய நாட்களை நடுவில் போட்டதும், வேலைகளைக் காட்டும் பட்டைகள் எல்லாம் வலப்பக்கம் நகர்ந்து, திறப்பு விழாத் தேதியைத் தாண்டிச் சிவந்து நிற்கின்றன. "ஐயோ ஓக்ஸானா, பழையபடி தேதியப் பூட்டிடும்மா. ஓனர் வந்துட்டிருக்காரு," என்கிறார் கார்ல், டோனட்டை மென்றபடி. "பூட்டினா படம்தான் அழகா இருக்கும். இந்தக் குளிர்ல கான்கிரீட் அதுக்குள்ள இறுகாது." "காலேஜ் படிச்சவ பேச்சப் பாரு! உங்கப்பா இத்தன வருஷமா என்கிட்ட சென்ட்ரிங் பிரிக்கிறாரு, ஒரு கேள்வி கேட்டதில்ல." "கேக்க விட்டீங்களா? நாளைக்கு அந்தத் தளத்துக்கு அடியில நிக்கப்போறதும் அவர்தான்." கார்ல் டோனட்டைக் கீழே வைக்கிறார். வெளியே ஓனரின் வண்டிக் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. பூட்ஸுக்கடியில் பனி நொறுங்குகிறது. மவுஸை நோக்கி நீளும் கார்லின் கையை முழங்கையால் தள்ளிவிட்டு, திரையைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன்.