சுருங்கிப் போன பலகை

"ஏங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னா இது, பஸ்ஸுல சீட்டு புடிச்ச மாதிரி பரப்பிக்கினு."

ஏலவார்குழலி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். ஏற்கெனவே தறிப் பலகையின் ஓரத்தில் பாதி உடம்பு தொங்க உட்கார்ந்திருந்த கைலாசம், இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோக்கிற கோர்வைச் சேலை என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் உடல் பகுதிக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவை விடுவார். அவள் கரைக்கு விடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பலகையில் தாராளமாக உட்கார்ந்து நெய்தவர்கள்தான். இந்த வருஷம்தான் பலகை திடீரென்று சுருங்கிவிட்டது. இடிபட்டு இடிபட்டுக் கோர்வை பிசகினால், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுத்த பெண் வீட்டார் சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பலகை எங்காவது சுருங்குமா? புருஷன்தான் ஊதிவிட்டார் என்று குழலி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"சர்க்கரை மாத்திரை சில பேருக்கு ஒடம்பை ஏத்திடுமாம். எதிர் வீட்டுப் பொன்னி சொன்னா. உங்களுக்கு ஏத்திடுச்சு."

"ஆமா குழலி. எனக்குத்தான் ஏத்திடுச்சு போல."

"நானும்தான் போடுறேன். எனக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல. ஏறியிருந்தா அன்னிக்கே மாத்திரையைத் தூக்கி வேகவதி ஆத்துல போட்டிருப்பேன்."

சொன்னால் செய்கிறவள்தான். தை மாதம் தறிக்குழியிலேயே மயங்கிச் சரிந்து, ஆஸ்பத்திரியில் சர்க்கரை எக்கச்சக்கம் என்று சொன்ன பிறகும், மாத்திரை போடுவதற்கு அவளிடம் ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து கைலாசத்தை இளைக்க வைப்பதே அவளுக்கு முழுநேர வேலை ஆனது. விடிந்ததும் நாலு ராஜவீதியும் சுற்றி வர விரட்டினாள். ராத்திரிக்கு அரை உருண்டை கேழ்வரகுக் களி. யாராவது கோயில் இட்லி கொண்டுவந்து கொடுத்தால் அவர் கண்ணில் மட்டும் காட்டுவாள். வீணாகக் கூடாதே என்று அவர் பங்கையும் அவளே சாப்பிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குப் பசியும் நன்றாகத்தான் எடுத்தது.

தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எங்க வூட்டுக்காரருக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று சொல்லி வைத்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்பார்.

கைலாசம் இளைத்தார். கன்னம் ஒட்டியது. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டார். ஆனாலும் பலகையில் நெருக்கடி தீரவில்லை.

"வாக்கிங் போறேன்னு போய் எங்கியோ போண்டா தின்றீங்க. சத்தியம் பண்ணுங்க."

அவர் காமாட்சி அம்மன் மேல் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை.

வழக்கமாக இருவருக்கும் அவர்தான் போய் மாத்திரை வாங்கி வருவார். இந்தத் தடவை, "நாளைக்கு நீயும் வா. டாக்டரம்மா கிட்ட பேசணும்" என்றார்.

குழலி உற்சாகமாகக் கிளம்பினாள். டாக்டர் வாயால் புருஷன் திட்டு வாங்குவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே.

நர்ஸ் கிரேஸ் முதலில் அவரை எடை மிஷினில் ஏற்றினாள்.

"அண்ணே, ஏழு கிலோ கொறைஞ்சிருக்கீங்க."

"மிஷின் கெட்டுப் போயிருக்குது" என்றாள் குழலி. "நவுருங்க, நான் ஏறிக் காட்டுறேன்."

ஏறினாள். கிரேஸ் முள்ளைப் பார்த்தாள், பழைய சீட்டைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஏழு கிலோ ஏறியிருக்குது."

"அதான் சொன்னேனே, மிஷின் கெட்டுப் போச்சுன்னு. ஏறியிருந்தா ரவிக்கை இறுக்காதா? இது போன வருஷம் தைச்சது. பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்குக் கொடுத்த மாத்திரை வேற, அவருக்குக் கொடுத்தது வேற. உங்க மாத்திரைக்குச் சில பேருக்குப் பசி எடுக்கும், எடை கொஞ்சம் ஏறும். அதுக்காக நீங்களா நிறுத்திடக் கூடாது. எங்கிட்ட சொன்னா வேற மாத்தித் தரப்போறேன். முன்னாடியே வந்திருக்கலாமே?"

"ஏறினது தெரிஞ்சாத்தானே வர்றதுக்கு?" என்றாள் குழலி.

"எனக்குத் தெரியும்" என்றார் கைலாசம், தரையைப் பார்த்தபடி.

"தெரிஞ்சும் வாயை மூடிக்கினு இருந்தீங்களா?"

"சொன்னா நீ மாத்திரையை ஆத்துல போட்டுடுவே. தறிக்குழியில கண்ணு சொருகிக் கெடந்தியே, அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. அதான், பழி எம் மேலயே இருக்கட்டும், நான் எளைச்சு உனக்கு எடம் உட்டுடலாம்னு பாத்தேன்."

குழலி அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். எத்தனை இடி, எத்தனை அரை உருண்டைக் களி. அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனாலும் டாக்டர் முன்னால் வழக்கில் தோற்க மனம் வரவில்லை.

"இருக்கட்டும். அப்ப இந்த ரவிக்கை எப்படி இறுக்காம இருக்குது? அதுக்குப் பதில் சொல்லுங்க."

கைலாசம் தலையைச் சொறிந்தார்.

"நீ கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து, டெய்லர் நிக்கத் அக்கா கிட்ட எல்லா ரவிக்கையும் தூக்கிக்கினு போய் சைடுல பிரிச்சு பிரிச்சு வாங்கியாந்தேன். இனிமே பிரிக்கிறதுக்கு உள்ள துணியே இல்லன்னு நேத்து அவங்க கையை விரிச்சுட்டாங்க. வேற வழி தெரியாமத்தான் உன்னை இங்க இட்டாந்தேன்."