கோடி விழுந்த கடை

"உனக்கு ஒரு கோடி விழுந்தா என்ன பண்ணுவ?" முள்ளங்கிப் பலகாரத்தைக் கல்லில் புரட்டிப் போட்டபடி கேட்டாள் ஷியூசென்.

மேசையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஃபெர்கஸ் நிமிரவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா அக்கா?"

"சும்மா சொல்லேன்."

"போன வாரம் சொன்னதுதான். மறுநாளே ஃப்ளைட். அயர்லாந்துல கடலைப் பாத்தாப்புல ஒரு வீடு. ரெண்டு கழுதை."

"கழுதை எதுக்கு?"

"பேச்சுத் துணைக்கு."

அவள் கவனம் எங்கோ போனதில் பலகாரத்தின் ஒரு பக்கம் கருகிவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு தைவானின் கீலுங் துறைமுகத்து மழையில் நனைந்துகொண்டு வந்தவன் ஃபெர்கஸ். ஒரு மாதத்துக்கு என்று மாடி அறையைக் கேட்டான். பிறகு போகிற எண்ணமே இல்லாமல் தங்கிவிட்டான். ஷியூசென்னுக்குக் கணவர் இல்லை, மகன் கலிபோர்னியாவில். காலைச் சிற்றுண்டிக் கடையைப் பதினோரு மணிக்கு இழுத்து மூடிவிட்டால் அப்புறம் அவளுக்கு வாய்த்த ஒரே பேச்சு இவனோடுதான். வாடகை போனால் போகிறது. இவன் போய்விட்டால் இந்த வீட்டில் டிவியைத் தவிர யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பயம்தான் அவளைச் சில மாதங்களாகப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

பயத்தைக் கிளப்பியது தெருமுனைக் கடை. எந்தக் கடையில் எதை வாங்கினாலும் தருகிற ரசீதில் ஓர் எண் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரசாங்கம் அந்த எண்களுக்குக் குலுக்கல் நடத்தும். வசந்த காலத்துக் குலுக்கலில் ஒரு கோடி தைவான் டாலர் முனைக் கடை ரசீதுக்கு விழுந்துவிட்டது. 'கோடி விழுந்த கடை' என்று சிவப்புத் துணியில் எழுதித் தொங்கவிட்டான் கடைக்காரன். முப்பத்தைந்து டாலருக்குப் பால் டீ வாங்கிய ரசீதாம். வாங்கிய ஆள் மட்டும் வரவில்லை.

"அந்தப் பால் டீக்காரன் இன்னும் தலையக் காட்டலையாம்" என்றாள்.

"குப்பையில போட்டிருப்பான். என்னை மாதிரி உங்க டப்பாவுல போட்டிருந்தா பொழைச்சிருப்பான்."

ஃபெர்கஸுக்கு எண்களைச் சரிபார்க்கப் பொறுமை கிடையாது. தன் ரசீதையெல்லாம் அவளுடைய பிஸ்கட் டப்பாவில் திணித்துவிடுவான். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். இருநூறு விழுந்தால் அன்றைக்கு இருவருக்கும் பன்றிக்கறி.

"நம்ம டப்பாவுக்கு இருநூறுக்கு மேல யோகம் இல்ல" என்று தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் சாப்பிடும் குச்சியைத் தொடவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இந்த மாசக் கடைசியில ரூமைக் காலி பண்றேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன், கோடி கெடச்சிருச்சா?"

"நீங்க வேற. இருந்த வேலையே போயிருச்சு. பள்ளிக்கூடத்த மூடறாங்க. ஊர்ல பிள்ளைங்களே பொறக்கறதில்ல, யாருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறது? வேலை இல்லன்னா விசாவும் இல்ல."

"வேற எடத்துல கேளு."

"கேக்காத எடமில்ல. நாப்பத்தேழு வயசுன்னதும் டீ குடுத்து அனுப்பிடறாங்க. கையில காசு இருந்தா இங்கயே ஒரு கடையப் போட்டு, அதைக் காட்டி விசா வாங்கலாம்னு வக்கீல் சொன்னாரு. அவ்ளோ காசுக்கு நான் எங்க போவேன்?"

"காசு வந்தா அயர்லாந்துக்குப் போறேன்னுதானே சொன்ன? கழுதை வளக்கறேன்ன?"

"பின்ன வேற என்ன சொல்றதாம்? வாரா வாரம் போவியா போவியான்னு நீங்கதானே கேட்டீங்க. உங்க ஊர்ல யாரு எதை நேராக் கேக்கறாங்க? மழை விட்டுருச்சு போலன்னா, எந்திரிச்சு வீட்டுக்குப் போன்னு அர்த்தம். பையன் திரும்பி வர்றான் போல, ரூம் வேணும் போல, வாய்விட்டுக் கேக்கச் சங்கடப்படறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு எதுக்கு தர்மசங்கடம்னுதான் நானே போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எம் பையனா? புது வருஷ விருந்துக்கே போன்ல மூஞ்சியக் காட்டறவன், அவனா வருவான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அயர்லாந்துல எனக்கு யாருக்கா இருக்கா? கோடி என்ன, பத்துக் கோடி குடுத்தாலும் நான் இந்த மாடியிலதான் கெடப்பேன்."

ஷியூசென் அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆனால் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. இரண்டு ஐம்பது. சட்டென்று அடுப்பை அணைத்தாள்.

"எந்திரி. பாஸ்போர்ட்டை எடுத்துக்க. ஸ்கூட்டர வெளிய எடு. பாங்க் மூணரைக்கு மூடிருவான்."

"பாங்குக்கா? இந்த மழையிலயா? ஒரு வாய் சாப்பிட்டு..."

"வந்து தின்னுக்கலாம். என்னைத் திட்டறதா இருந்தாலும் வந்து திட்டிக்கோ."

சாமி மேடையில் ஊதுபத்திக் கிண்ணத்தின் அடியில் மூன்று மாதமாக ஒளித்து வைத்திருந்த அவனுடைய பால் டீ ரசீதை உருவி எடுத்து மழைக்கோட்டுக்குள் பத்திரப்படுத்தினாள் ஷியூசென். அதற்குப் பணம் வாங்க இன்றுதான் கடைசி நாள்.